அறுவைக்குப் பிறகு லேசர்: அடைப்பு எங்கே?

"ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே டாக்டர், மறுபடி எதுக்கு லேசர்?" கிளாக்கோமா பிரிவில் உட்காரும் எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்பார். "கண்ணுல பிரஷர் ஏறியிருக்கும்மா" என்பது வழக்கமான பதில். தவறில்லை, ஆனால் பாதி பதில்தான். லேசர் என்ற ஒரே பெயரில் கிளாக்கோமாவுக்கு அரை டஜன் வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று ஐரிஸில் துளை போடும். ஒன்று வடிகாலை உசுப்பிவிடும். ஒன்று நீர் சுரக்கும் இடத்தையே சுட்டுச் சுரப்பைக் குறைக்கும். இன்னொன்று, அறுவை மருத்துவர் போன வாரம் தன் கையால் போட்ட தையலை அறுக்கும். கத்தி படாத கண்ணில் இவற்றில் எது வேண்டும் என்று தீர்மானிப்பது ஓரளவு எளிது. ஏற்கெனவே ஆபரேஷன் நடந்த கண்ணில், நீர் எங்கே தடைபட்டு நிற்கிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே பேசப்படும் நீர், கண்ணீர் அல்ல. ஐரிஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சிலியரி திசு நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை ஒரு தெளிந்த நீரைச் சுரக்கிறது. அது லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே நுழைந்து, கண்மணி வழியாக முன்னே வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் மூலையிலுள்ள வடிகால் வலையில் வடிந்து, ஸ்லெம் கால்வாய்க்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. கண்ணின் முன்னறை ஏறக்குறைய 250 மைக்ரோலிட்டர் கொள்ளும். ஆக, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலானால் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் புதியது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும். வடிகால் அடைத்தால் ஏறும். ஏறினால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்; இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலானோருக்கு வலி எதுவும் தெரியாது.

அறுவை கண்ட கண்ணில் கிளாக்கோமா என்ற இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய நாளிலிருந்து, கண்புரை முகாம் போகாத ஊர் இங்கே குறைவு. தாத்தா, பாட்டி என்று வீட்டுக்கு ஒருவராவது லென்ஸ் வைத்த கண்ணோடு இருக்கிறார்கள். அதே அரவிந்த் மருத்துவர்கள் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்து 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 40 வயதைத் தாண்டியவர்களில் 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாக்கோமா இருந்தது. கண்புரையும் கிளாக்கோமாவும் ஒரே வயதில் வந்து சேரும் நோய்கள். இரண்டும் ஒரே கண்ணில் சந்திப்பதில் வியப்பில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், கண்புரையை எடுப்பதால் அழுத்தம் பொதுவாகக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். தடித்துப்போன லென்ஸ் போய் மெல்லிய செயற்கை லென்ஸ் வந்ததும் முன்னறையின் மூலை அகலமாகிறது. சிக்கல் வேறு வழிகளில் வருகிறது. அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு வடிகால் வலையை இறுக்கிவிடும். அழற்சி நீடித்தால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். விழித்திரை விலகியதற்காகக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தால், அது நாளடைவில் நுண்துளிகளாக உடைந்து வடிகாலை அடைக்கும். கருவிழி மாற்றிய கண், பிறவிக் கண்புரைக்காகச் சிறுவயதிலேயே லென்ஸ் எடுத்த கண் ஆகியவற்றிலும் கிளாக்கோமா பின்தொடர்ந்து வருவது மருத்துவர்கள் நன்கறிந்தது. கிளாக்கோமாவுக்கென்றே செய்த அறுவை தோற்றுப்போவது தனிக் கதை.

இவற்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அழுத்தத்தை அளக்கும் கருவி எண்ணை மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் அந்த மூலையில் இருக்கிறது. அதை வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. மூலையிலிருந்து கிளம்பும் ஒளி கருவிழிக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையில் மிகச் சாய்வாக மோதி, முழு அக எதிரொளிப்பில் திரும்பவும் கண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால், மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழிமேல் கண்ணாடி பதித்த ஒரு லென்ஸை வைத்துக் காற்றின் எல்லையை இல்லாமல் ஆக்கிப் பார்க்கிறார்கள். கோனியாஸ்கோப்பி என்று பெயர். இரண்டு நிமிட வேலை. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். என்னைக் கேட்டால், ஆபரேஷன் ஆன கண்ணில் இதைச் செய்யாமல் லேசருக்குச் சீட்டு எழுதக் கூடாது. மூலை திறந்திருக்கிறதா, ஒட்டிப்போயிருக்கிறதா, எண்ணெய்த் துளிகள் இருக்கின்றனவா, பழைய அறுவையின் திறப்பு உள்ளிருந்து அடைபட்டிருக்கிறதா என்பதெல்லாம் இந்த ஒரு பார்வையில் தெரியும்.

அடைப்பு கண்மணியிலேயே இருந்தால் தீர்வு பழையது. 1857இல் பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே ஐரிஸில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, திடீர்க் கிளாக்கோமாவைத் தணித்துக் காட்டினார். இன்று அதே திறப்பை நியோடிமியம் யாக் லேசர் போடுகிறது. இதன் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் குறியொளியை வைத்து இலக்கு பார்க்கிறார்கள். இது திசுவைச் சுடுவதில்லை. சில நானோவினாடிகளில் ஆற்றலை ஒரே புள்ளியில் குவித்து, அங்கே ஒரு நுண்வெடிப்பை உண்டாக்கித் திசுவைக் கிழிக்கிறது. நம்மூர்க் கண்களில் ஐரிஸ் தடித்த பழுப்பு நிறம் என்பதால், முதலில் பச்சை லேசரால் சுட்டு மெலிதாக்கிவிட்டு, பிறகு யாக் போடும் இருகட்ட முறை பலருக்குத் தேவைப்படுகிறது. துளையை வழக்கமாக மேல்பக்கம், இமை மறைக்கும் இடத்தில் போடுவார்கள். சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய, லென்ஸ் இல்லாத கண்ணில் மட்டும் இந்த விதி தலைகீழ். எண்ணெய் நீரைவிட லேசானது, மேலே மிதக்கும். மேலே துளை போட்டால் எண்ணெயே அதை அடைத்துக்கொள்ளும். அங்கே ஆறு மணி திசையில், அடியில் திறப்பு வேண்டும். அறுவையின்போது வெட்டிய அந்த அடித்துளை பிறகு சவ்வு படர்ந்து மூடிக்கொண்டால், யாக் லேசரால் மறுபடி திறந்துவிடலாம்.

துளை திறந்தே இருக்கிறது, ஆனாலும் முன்னறை தட்டையாகிக்கொண்டே போகிறது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றால்? இதையும் முதலில் எழுதிவைத்தவர் கிரேஃபேதான், 1869இல். தன் அறுவைக்குப் பிறகு சில கண்கள் குணமாவதற்குப் பதில் படுமோசமாவதைப் பார்த்து, அதற்குக் கொடிய கிளாக்கோமா என்று பேர் வைத்தார். புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீர் முன்னே வராமல் திசைமாறி, கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் ஜெல்லுக்குள் போய்த் தேங்குகிறது. வீங்கிய ஜெல் லென்ஸையும் ஐரிஸையும் முன்னே தள்ளுகிறது. அரிதான நிலைமை. சிறிய கண்களிலும் குறுகிய மூலை உள்ள கண்களிலும் அறுவைக்குப் பிறகு வரும். மற்ற மூலை மூடிய கிளாக்கோமாக்களுக்குக் கொடுக்கும் பைலோகார்பின் சொட்டு இதை இன்னும் கெடுக்கும். அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் அட்ரோபின்தான் இங்கே மருந்து. அதற்கும் மசியவில்லை என்றால், செயற்கை லென்ஸ் வைத்த கண்ணில் லேசருக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. லென்ஸின் ஓரத்தைத் தாண்டிக் குறிவைத்து, பின்புறச் சவ்வையும் ஜெல்லின் முன்தோலையும் யாக் லேசரால் கிழித்தால், தேங்கிய நீர் முன்னறைக்குள் பாயும். மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னறை ஆழமாவது சிலசமயம் கண்ணுக்குத் தெரியும். கிழிசல் மூடிக்கொண்டால் ஜெல்லை அகற்றும் பெரிய அறுவைக்குப் போகவேண்டியதுதான்.

அறுவையும் லேசரும் ஒன்றோடொன்று நெருங்கி வேலை செய்யும் இடம் ட்ராபெக்குலெக்டமி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜே. ஈ. கெயர்ன்ஸ் 1968இல் வெளியிட்ட முறை. வெண்விழியில் பாதி ஆழத்துக்கு ஒரு சிறு கதவு வெட்டி, அதன் அடியில் முன்னறைக்குள் ஒரு திறப்பு போட்டு, கதவைத் தையலால் மூடிவிடுவார்கள். நீர் கதவின் ஓரமாகக் கசிந்து, மேற்சவ்வுக்கு அடியில் ஒரு மெல்லிய கொப்புளமாகத் தேங்கி உறிஞ்சப்படும். இதில் ஒரு வேடிக்கை: வெட்டுப்பட்ட ஸ்லெம் கால்வாயின் முனைகள் வழியாக நீர் வடியும் என்று எண்ணித்தான் கெயர்ன்ஸ் இதை வடிவமைத்தார். வேலை செய்தது கொப்புளம். கோட்பாடு பிசகியும் அறுவை அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

இதன் இக்கட்டு தையலின் இறுக்கத்தில் இருக்கிறது. தளர்வாகக் கட்டினால் முதல் இரவே நீர் கொட்டி, கண் தொய்ந்து, முன்னறை தட்டையாகும். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் இறங்காது. அதற்குள் உடம்பு தழும்பு போட்டுக் கதவை நிரந்தரமாக ஒட்டிவிடும். எந்த இறுக்கம் சரி என்று அறுவை மேசையில் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே மருத்துவர்கள் வேண்டுமென்றே இறுக்கமாகக் கட்டிவிட்டு, ஆரம்ப நாட்களின் ஆபத்து கடந்ததும் தையல்களை ஒவ்வொன்றாக அறுக்கிறார்கள். மேற்சவ்வைத் திறக்காமல் அறுக்க ஒளியை விட்டால் வேறு கத்தி இல்லை.

அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இப்படி இருக்கும். நோயாளி ஸ்லிட் லேம்ப்பில் தாடையை வைத்து, "கீழ பாருங்க, கீழயே பாருங்க" என்ற சொல்லுக்கு அடங்கியிருக்கிறார். மேலிமையைத் தூக்கி, ஒரு சிறிய கண்ணாடி லென்ஸை மேற்சவ்வின்மேல் அழுத்துகிறார் மருத்துவர். டன்பர் ஹாஸ்கின்ஸ் வடிவமைத்த லென்ஸ் அது. அழுத்தியதும் ரத்தக் குழாய்கள் வெளுக்கின்றன, தேங்கிய நீர் ஒதுங்குகிறது, அடியில் கறுப்பு நைலான் இழை பளிச்சென்று தெரிகிறது. பத்து-சைபர் நைலான் என்பார்கள்; 0.02 முதல் 0.03 மி.மீ. வரைதான் தடிமன். அதன்மேல் 50 மைக்ரான் அகலத்தில் ஒரு பச்சைப் பொட்டு, வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இழையின் கறுப்புச் சாயம் ஒளியைக் குடித்துச் சூடாகிறது. தெளிந்த சவ்வு ஒளியைத் தன் வழியே விட்டுவிடுவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இழை அறுந்து இரு முனைகளும் சுருண்டு விலகுகின்றன. லென்ஸை எடுத்ததும் கொப்புளம் சற்று எழும்புகிறது. எழும்பாவிட்டால் விரலால் கண்ணை லேசாக அழுத்திப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஒரு தையல்தான். இரண்டை அறுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகக்கூடும். மேற்சவ்வின் அடியில் ரத்தக் கசிவு இருந்தால் பச்சை லேசரைத் தொடக்கூடாது. ரத்தத்தின் சிவப்பு நிறமி பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தையலுக்குப் பதில் சவ்வில் ஓட்டை விழும். அப்போது சிவப்பு அலைநீள லேசர் வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கரையக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவும் எல்லை உண்டு. இரண்டு, மூன்று வாரம் தாண்டினால் தழும்பு முந்திக்கொள்ளும். தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தை அறுவையில் பயன்படுத்தியிருந்தால் இந்த அவகாசம் இன்னும் சில வாரங்கள் நீளும். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சிடுச்சு, அடுத்த மாசம் வந்து காட்டிக்கலாம்" என்று ஊருக்குப் போய்விடுபவர்கள் இழப்பது இந்த வாரங்களைத்தான்.

வேறு அறுவைகளிலும் இப்படி லேசருக்கென்று மிச்சம் வைத்த வேலை உண்டு. கண்ணைத் துளைக்காமல் மெல்லிய சவ்வு ஒன்றை விட்டுவைக்கும் ஆழ்வெண்விழி அறுவையில், பின்னாளில் அழுத்தம் ஏறினால் அந்தச் சவ்வை உள்ளிருந்து யாக் லேசரால் துளைக்கிறார்கள். வடிகுழாய் பதிக்கும்போது, நீர் உடனே கொட்டாமலிருக்கக் குழாயை நூலால் கட்டிவைப்பது உண்டு. கரையாத நூலாக இருந்தால் சில வாரம் கழித்து லேசர் அதை அறுக்கும்.

வடிகால் வலையையே குறிவைக்கும் லேசரின் பிறப்பு விசித்திரமானது. 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டக்ளஸ் காஸ்டர்லாண்டும் கார்ல் குப்ஃபரும் ரீசஸ் குரங்குகளின் வடிகால் வலையை ஆர்கான் லேசரால் திரும்பத் திரும்பச் சுட்டு, அவற்றுக்குக் கிளாக்கோமாவை வரவழைத்தார்கள். நோயை ஆராய ஒரு மாதிரி வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஐந்தே ஆண்டில், 1979இல், ஜேம்ஸ் வைஸும் ஸ்டாண்டன் விட்டரும் அதே லேசரை அதே இடத்தில், ஆனால் இடைவெளி விட்ட சிறு பொட்டுகளாக வைத்து, மனிதர்களின் கண் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார்கள். எவ்வளவு, எத்தனை முறை என்பதில்தான் நோயும் மருந்தும் பிரிகின்றன. ஆர்கான் சுட்ட இடத்தில் தழும்பு விழுவதால் அதைத் தாராளமாகத் திரும்பச் செய்ய முடியாது. லென்ஸ் எடுத்த கண்களில் அதன் பலனும் குறைவாகவே இருந்தது.

1990களில் மார்க் லட்டினா கொண்டுவந்த எஸ்.எல்.டி. இதை மாற்றியது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி, 400 மைக்ரான் பொட்டு, 3 நானோவினாடி. ஆர்கானின் பத்தில் ஒரு பங்கு வினாடியோடு ஒப்பிட்டால் மூன்று கோடி மடங்குக்கும் மேல் குறைந்த நேரம். காய்ந்த தோசைக்கல்லை விரல் நுனியால் சட்டெனத் தொட்டு எடுப்பவருக்குச் சுடாது, வைத்திருப்பவருக்குக் கொப்பளிக்கும். இங்கேயும் அதே கணக்கு. நிறமியுள்ள செல்கள் மட்டும் ஒளியை வாங்கிச் சூடாகின்றன. அந்தச் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன்பே துடிப்பு முடிந்துவிடுகிறது. அடிபட்ட செல்கள் வேதிச் செய்தி அனுப்ப, துப்புரவு செல்கள் வந்து வலையைச் சுத்தம் செய்கின்றன என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதனால்தான் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. வலையில் நிறமி அடர்ந்த கண்களில் ஆற்றலைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். அங்கே அழுத்தம் திடீரென எகிறும் வாய்ப்பு கூடுதல்.

கண்புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்ணில் மூலை திறந்திருந்தால், எஸ்.எல்.டி. ஏறக்குறைய அறுவை செய்யாத கண்ணில் போலவே வேலை செய்கிறது. ஸ்டீராய்டால் ஏறிய அழுத்தத்திலும் சிலருக்குக் கைகொடுக்கிறது. ட்ராபெக்குலெக்டமி தோற்ற கண்ணில் நம்பிக்கை குறைவு. அங்கே வலை ஏற்கெனவே நைந்துபோயிருக்கும், நோயும் முற்றியிருக்கும். ஒட்டிப்போன மூலையிலும், அழற்சி அடங்காத கண்ணிலும், புது ரத்தக் குழாய்கள் படர்ந்த கண்ணிலும் இதைச் செய்வதில் அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் கஸ் கஸார்ட் தலைமையில் 718 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான லைட் ஆய்வில், எஸ்.எல்.டி. முதலில் செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகள் சொட்டு மருந்தே இல்லாமல் இருந்தார்கள். அருமையான முடிவு, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலையே மாற்றியது. ஆனால் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டு, அதுவரை எந்தச் சிகிச்சையும் தொடங்காதவர்கள். இரண்டு அறுவை கண்ட கண்ணுக்கு அதே 74ஐ எடுத்துச் சொல்லி ஆசை காட்டுவது நேர்மையில்லை.

வடிகாலைச் சீராக்க வழியே இல்லையென்றால் சுரப்பைக் குறைக்க வேண்டும். 810 நானோமீட்டர் டையோடு லேசரின் நுனியை வெண்விழிமேல், கருவிழி ஓரத்தை ஒட்டி வைத்து, உள்ளே இருக்கும் சிலியரி திசுவைச் சுடுவதுதான் அதற்கான வழி. குரங்குகளுக்குக் கிளாக்கோமா வரவழைத்த அதே காஸ்டர்லாண்டுக்குத்தான் இன்று உலகெங்கும் பயன்படும் அந்த நுனியை வடிவமைத்ததில் பெரும் பங்கு. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த பிறகே இதைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு பொட்டும் இரண்டு வினாடி அளவு. மூன்று மணி, ஒன்பது மணித் திசைகளை விட்டுவிடுவார்கள். அங்கே முக்கியமான நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. சுடும் இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மருத்துவர் காதைத் தீட்டிக்கொள்கிறார். உள்ளே திசு கொதித்து வெடித்தால் "டப்" என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். வந்தால் ஆற்றலைக் குறைக்க வேண்டும். நிறமி அடர்ந்த கண்களில் அது சீக்கிரமே கேட்கும்.

எண்ணெய் நிரப்பிய கண், கருவிழி மாற்றிய கண், பல அறுவைகள் தோற்ற கண் ஆகியவற்றில் பலசமயம் இதுதான் கைவசமுள்ள வழி. குறை சுட்டால் திரும்பவும் சுடலாம். அதிகம் சுட்டுவிட்டால் சுரப்பு வற்றி, கண் சுருங்கிப்போகலாம், அதற்கு மாற்று இல்லை. பார்வை போய், வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கென்று வெகுகாலம் ஒதுக்கியிருந்த சிகிச்சை இது. ஆற்றலை விட்டு விட்டுச் செலுத்தும் மைக்ரோபல்ஸ் முறையும், கண்ணுக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபடி சுடும் முறையும் வந்த பிறகு, ஓரளவு பார்வை உள்ள கண்களிலும் செய்கிறார்கள்.

எந்த லேசரானாலும் முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை அழுத்தம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. ஏற்கெனவே நைந்த நரம்புக்கு ஒரே நாள் எகிறலும் கேடு செய்யும். லேசர் செய்தாகிவிட்டது என்று சொட்டு மருந்தைத் தானாக நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை அது தொடர வேண்டும். வரும்போது பழைய டிஸ்சார்ஜ் அட்டையையும் கொண்டுவரச் சொல்வார்கள். நம்மூரில் அல்ட்ராசவுண்டால் கண்புரையை உடைத்தெடுக்கும் ஃபேக்கோவையே பலர் "லேசர் ஆபரேஷன்" என்கிறார்கள். "முன்னாடியே லேசர் பண்ணியிருக்கு" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, பண்ணியது ஃபேக்கோவா, ஐரிஸ் துளையா, லென்ஸுக்குப் பின்னால் படர்ந்த சவ்வை விலக்கியதா, எஸ்.எல்.டி.யா என்று மருத்துவரால் ஊகிக்க முடியாது. அட்டையில் அறுவையின் பெயர், தேதி, வைத்த லென்ஸ், உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்ற நான்கும் இருந்தால், கோனியாஸ்கோப்பி லென்ஸைக் கையில் எடுக்கும் முன்பே எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.